பால்வாடி பூட்டிய பிறகு

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு வட்டாரத் தறிப்பட்டறைகளில் ஷிப்டு பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். பால்வாடி காலையில் திறந்து மாலை நாலு மணி வாக்கில் பூட்டிவிடுகிறது. எல்.கே.ஜி. போகும் பிள்ளையை மஞ்சள் வேன் அதே நேரத்துக்குத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போகிறது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து தறி ஓட்டும் வீட்டில், நாலு மணிக்கு மேல் அந்தப் பிள்ளை யாரிடம் இருக்கும் என்று கேட்டால் "அம்மாயி பாத்துக்கும்" என்பார்கள். அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. பகலில் எங்கே இருந்தது என்று சொல்ல அரசிடம் பதிவேடு இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியல் இருக்கிறது. மாலைக்கு அம்மாயிதான்.

வசதியில்லாத சீமை என்று இதைச் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் பால்வாடி எனப்படும் அங்கன்வாடி மையங்கள் 54,439 நடக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பால்வாடியே இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதோடு தனியார் நர்சரிகள், மெட்ரிக் பள்ளிகளின் பிரி-கேஜி வகுப்புகள், சேலம் நகருக்குள் பிளே ஸ்கூல்கள், காப்பகங்கள். பெற்றவர்கள் கையில் பல வழிகள் இருப்பதாகவே தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் பிள்ளைக்கு வேண்டியதில் ஒரு துண்டைத்தான் தருகிறது. சோறு ஓரிடத்தில், எழுத்து ஓரிடத்தில், மடி இன்னோரிடத்தில். தாயின் வேலை நேரத்துக்கு ஒத்துவரும் ஏற்பாடு இவற்றில் அநேகமாக எதுவுமில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதை சோற்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது நிரம்பிய குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஊரூராகக் குழந்தைகள் நல மையங்கள் வந்தன. மதியச் சாப்பாட்டுக்காகப் பிள்ளையைக் கொண்டுபோய் விடும் பழக்கம் அப்படித்தான் வேரூன்றியது.

தில்லி அரசு வகுத்த திட்டத்தின் வேர் வேறு. 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டியில் தாராபாய் மோடக் கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு மையம் தொடங்கினார். பிள்ளைகள் பால்வாடிக்கு வரவில்லையென்றால் பால்வாடியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்ற எண்ணம் அங்கேதான் உருவானது. அங்கன்வாடி அதன் வழிவந்தது. 1972இல், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. உணவு, உடல்நலம், படிப்பு மூன்றையும் சேர்த்தே தர வேண்டும் என்ற அதன் வாதம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு அடித்தளங்களில் ஒன்றானது. 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் அந்தத் திட்டம் தொடங்கியது. பின்னாளில் சென்னையிலிருந்தபடி, குழந்தைப் பராமரிப்பை உழைக்கும் பெண்ணின் பிரச்சினையாகவும் பார்க்க வேண்டும் என்று மீனா சுவாமிநாதன் விடாமல் எழுதினார். திட்டத்துக்குள் ஏறாமல் போன பகுதி அதுதான்.

இன்றைய பால்வாடியைப் பதினொரு மணி வாக்கில் பார்க்க வேண்டும். சுவரில் காய்கறிப் படம், உயிரெழுத்துப் படம். பாயில் பதினைந்து இருபது பிள்ளைகள். டீச்சர் ஒரு பாட்டை ஆரம்பிக்கிறார். மாநிலம் முழுவதற்குமான 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் அந்த மாதத்துக்குரிய தலைப்பு. இரண்டாவது வரி முடிவதற்குள் சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணிப் பெண் வந்து நிற்கிறாள். அவளுக்கு மாவை எடுத்துக் கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, செல்போனில் போஷன் டிராக்கர் செயலியைத் திறந்து ஏற்ற வேண்டும். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் ஒரு பையன் டிரவுசரை நனைத்துவிட்டான். ஆயாம்மா அடுப்படியில் இருக்கிறார். டீச்சரே எழுந்து போய்க் கழுவிவிட்டுத் திரும்பும்போது பாட்டு எந்த வரியில் நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. அன்று முட்டை போடும் நாள் என்றால் எல்லாக் கண்களும் அடுப்படிப் பக்கம்தான். வாரத்துக்கு மூன்று முட்டை. மாநிலத்துச் சத்துணவுத் தட்டுகளுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல்லில் ஒரு பிள்ளை வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டோரம் ஒதுக்குவதைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும்.

எடை பார்ப்பது, வளர்ச்சி அட்டையில் குறிப்பது, வீடு வீடாகப் போவது, தடுப்பூசி நாளுக்குத் தாய்மாரைக் கூட்டிச் சேர்ப்பது, பலருக்கு வாக்காளர் பட்டியல் வேலை. இவ்வளவும் ஒரே பெண்ணின் தலையில். இதற்கு ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் தன் பங்கைச் சேர்க்கிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சொன்னது. அதற்குக்கூட வழக்கு நடத்த வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டு பாதியில் நின்றதற்கு ஒரு விலை உண்டு, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அலெகாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென்றே அரைநாள் வேலைக்கு ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினார்கள். கட்டடம் மாறவில்லை, பாடத்திட்டம் மாறவில்லை. பதினெட்டு மாதத்தில் அந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இருமடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். மொழியில் முன்னேற்றம் இன்னும் கூடுதல். பழைய டீச்சருக்குக் கை ஓய்ந்ததால் ஊட்டச்சத்து வேலையிலும் கவனம் கூடியது, வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. 2024இல் ஒரு முன்னணிப் பொருளியல் இதழில் இது வெளிவந்தது. ஒரு பால்வாடிக்கு இன்னும் இரண்டு கைகள் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் பால்வாடியைச் சீர்திருத்துவது என்றாலே பெயின்ட் அடிப்பது, செயலி கொடுப்பது என்றுதான் அரசு நிர்வாகத்தின் கை போகிறது.

மாநில அரசு வேறு வழியிலும் முயன்றது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. தொடக்கப் பள்ளியில் உபரியாக இருந்த ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்யப் பயிற்சியும் விருப்பமும் இல்லாத பலருக்கு அது தண்டனை மாற்றல் போலப் பட்டது. 2022 ஜூனில் அந்த வகுப்புகள் இனி இல்லை என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தொடரும் என்றார்கள். பிறகு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சிறப்பாசிரியர்களை எடுத்தார்கள். அந்தத் தொகைக்கு அந்த வேலைக்கு வந்த பெண்களைத்தான் பாராட்ட வேண்டும்.

அரசு ஏன் எல்.கே.ஜி.யைக் கையில் எடுத்தது என்பதற்கு விடை நாமக்கல்லிலேயே கிடைக்கும். வெளியூர்க்காரருக்கு இந்த மாவட்டம் என்றால் முட்டை, லாரி, பள்ளிக்கூடம். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்காகவே விடுதியோடு நடத்தப்பட்ட பள்ளிகள் இந்தப் பகுதியில் தொண்ணூறுகளுக்குப் பின் பெருகின. தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். கோழிப்பண்ணை ஊர் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற கிண்டலும் ஒட்டிக்கொண்டது. அந்த மதிப்பெண் மோகம் கீழ்நோக்கி இறங்கி மூன்று வயதுக்கு வந்து நிற்கிறது. மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே இருந்தார். அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்துக்கொண்டு உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு நாலு கோடு நோட்டில் வீட்டுப்பாடம் கொடுக்கும் இடங்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

தறிக் கூலிக்காரர் கடன் வாங்கியாவது எல்.கே.ஜி.க்குப் பணம் கட்டுவதை ஆங்கில ஆசை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆசை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வேனைக் கவனிக்க வேண்டும். வேன் வாசலுக்கு வந்து பிள்ளையை ஏற்றிக்கொள்கிறது, ஒரு குறித்த நேரத்துக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. பால்வாடியில் யாராவது கொண்டுபோய் விட வேண்டும், சாப்பாடு முடிந்து தூங்கி எழுந்ததும் யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். ஓடும் தறியை நிறுத்திவிட்டுப் போக முடியாத தாய்க்கு வேன்தான் பராமரிப்பு. எந்தப் பள்ளி என்று முடிவெடுப்பதில் பாடத்திட்டத்தைவிட வேன் எந்தத் தெரு வரை வருகிறது என்பதற்கு எடை அதிகம். கல்வி பற்றிய விவாதங்களில் இது ஏனோ பேச்சில் வருவதே இல்லை.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு சன்னல் திறந்திருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும்; கட்டணத்தை அரசு கொடுக்கும். தமிழ்நாட்டில் நுழைவு வகுப்பு பெரும்பாலும் எல்.கே.ஜி. ஆகவே, ஆறு வயது முதல் என்று எழுதப்பட்ட சட்டம் இங்கே மூன்றரை வயதில் வேலை செய்யத் தொடங்குகிறது. 2025-26 கல்வியாண்டில் ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த நிதித் தகராறில் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது. ஜூனில் வகுப்பு தொடங்கிவிட்ட பிறகு, காசு கட்டிச் சேர்ப்பதா காத்திருப்பதா என்று பெற்றவர்கள் தவித்தார்கள்.

ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்பது தற்செயல் இல்லை. அரசியலமைப்பின் பழைய 45ஆம் பிரிவு பதினாலு வயது வரை எல்லாக் குழந்தைகளையும் சொன்னது. கீழ்வரம்பு எதுவும் போடவில்லை. 2002இல் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியபோது ஆறு முதல் பதினாலு வரை என்று வரம்பு கட்டியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு "முயல வேண்டும்" என்பதோடு நின்றது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருந்தும் அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அங்கன்வாடி பெருகியதில் அந்த உத்தரவு வந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

காப்பகம் பற்றிய சட்டங்களுக்கும் குறைவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வைக்கச் சொன்னது. முதலில் ஐம்பது என்று இருந்ததை 1976இல் முப்பதாகக் குறைத்தார்கள். 2017இல் பேறுகாலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் எதுவானாலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. இந்த வட்டாரத்தின் தொழில்களை இவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துத் தறி, இருபது தறி போட்ட பட்டறையில் வேலை செய்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். சேலத்துக் கொலுசு வேலை செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கத்தில் வீட்டுத் திண்ணையிலும் சிறு பட்டறைகளிலும் நடக்கிறது. கோழிப்பண்ணையில் தங்கியிருப்பவை சில குடும்பங்கள். சேகோ ஆலையில் மரவள்ளி வரும் பருவத்துக்கு மட்டும் கூட்டம். நூற்பாலைகளில் பெண்கள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டும். ஆனால் அங்கே கல்யாணம் ஆகாத பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் வழக்கம் பரவியதால் தொட்டிலுக்குத் தேவையே எழவில்லை. சட்டம் பெரிய ஆலையை மனதில் வைத்து எழுதப்பட்டது. இங்கே தொழில் சிறு சிறு கொட்டகைகளாகச் சிதறிக் கிடக்கிறது.

அதனால் பட்டறையே காப்பகமாகிவிடுகிறது. தறிகளுக்கு மேலே ஓடும் இரும்புக் கம்பியிலோ ஓரத்து உத்தரத்திலோ பழைய சேலையில் தூளி கட்டியிருப்பார்கள். இருபது தறி ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரோடு பேச வேண்டுமென்றால் காதுக்குள் கத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் பிள்ளை அயர்ந்து தூங்கும். கரண்ட் போய்த் தறி நின்றால் விழித்து அழும். தாய் பாவு அறுந்த இடத்தை முடிந்துகொண்டே இன்னொரு கையால் தூளியை ஆட்டிவிடுவாள். பஞ்சுத் தூசி புருவத்தில் படிந்திருக்கும். நடக்கத் தொடங்கிவிட்ட பிள்ளையின் பாடு இன்னும் மோசம்: ஓடும் நாடாவும் பெல்ட்டும் கை எட்டும் உயரத்தில் இருப்பதால், காலில் கயிறு கட்டித் தூணில் பிணைப்பதைத் தவிர வழி தெரியாத தாய்மார்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பால்வாடி சோறு போட்டு உட்காரவைப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குச் சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போகும், எடை பார்ப்பார்கள், அவ்வளவே. அமைப்புசாரா வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் தவணையாகப் பணமும் பொருளுமாகத் தரும் 18,000 ரூபாய் சில மாதங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையிலான காலத்துக்குத்தான் ஏற்பாடு ஒன்றுமே இல்லை. மூளை வளர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் முக்கியம் என்று சொல்லும் மாதங்களும் அவைதாம்.

வீட்டிலேயே வேலை என்றால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கும் பெண்ணின் பக்கத்தில் நெருப்பு இருக்கிறது. உருப்படிக் கணக்கில் கூலி என்பதால், பிள்ளை மடியில் ஏறும் ஒவ்வொரு முறையும் கூலி குறைகிறது. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் வண்டிகள் வடமாநிலங்கள் வரை போகின்றன. ரிக்கில் போன ஆண்கள் வீடு திரும்ப மாதக்கணக்காகும். லாரி ஓட்டுநர் வீடும் அப்படித்தான். ஒற்றை ஆளாய்க் குடும்பத்தை நடத்தும் பெண்ணுக்குக் கடைசியில் தாய் வீடுதான் கதி. அந்தத் தாய்க்கு வயது நாற்பத்தைந்து ஐம்பதுதான் இருக்கும். அவளும் தார் சுற்றப் போகிறாள், கடலைக்காய் பறிக்கப் போகிறாள், நூறு நாள் வேலைக்குப் போகிறாள். 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ளவே அமர்த்தி முழுக்கூலி கொடுக்கச் சொன்னது. பிள்ளை பார்ப்பதும் கூலி வேலைதான் என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய இடங்களில் அது ஒன்று. அம்மாயிக்கு அப்படி யாரும் கூலி போட்டதில்லை.

நாமக்கல் பண்ணைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த தம்பதிகளுக்கு அம்மாயியும் இல்லை. பண்ணை ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும். பால்வாடி இரண்டு மூன்று கிலோமீட்டர். போனாலும் டீச்சர் சொல்வது பிள்ளைக்குப் புரியாது. பெரிய பிள்ளை சின்னதைப் பார்த்துக்கொள்கிறது. அதனால் பெரியதும் பள்ளிக்கூடம் போவதில்லை.

சேலத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி வரலாறு உண்டு. பெண்சிசுக் கொலைக்குப் பேர்போன மாவட்டங்களில் ஒன்றாக இருந்ததால், 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேதான் தொடங்கியது. வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிடு, அரசு வளர்க்கும் என்றது. 2001 கணக்கெடுப்பில்கூட சேலம் மாவட்டத்தில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தாம் இருந்தார்கள். பத்தாண்டுகளில் 900ஐத் தாண்டியது. எது எவ்வளவு பங்களித்தது என்று பிரிப்பது கடினம். தாய் முழுதாகக் கைவிட்ட பிள்ளையை ஏற்க அரசு தொட்டில் வைத்தது. பன்னிரண்டு மணி நேரம் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் தாயின் பிள்ளைக்கு வைக்கவில்லை.

இப்போது ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டம் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கச் சொல்கிறது. நாடு முழுவதற்கும் 17,000 மையங்கள் இலக்கு. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை இருபத்தைந்து குழந்தைகள், தனியாக ஒரு பணியாளர், ஒரு உதவியாளர், மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம். இரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்ப்பது பெரிய விஷயம். ஆனால் ஏழரை மணி நேரம் அரசு அலுவலகக் கணக்கு, தறிக் கணக்கு இல்லை. பக்கத்துக் கர்நாடகம் 2023இல் 'கூசின மனே' என்ற பெயரில் 4,000 ஊராட்சிகளில் கிராமக் காப்பகங்களை அறிவித்து, உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வேலை உறுதித் திட்டத்திலிருந்தே கூலி கொடுத்தது. பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அது ஒரு விடையாவது வைத்திருந்தது.

பள்ளிபாளையத்தில் பட்டறைகள் தெருத்தெருவாக ஒட்டியிருப்பதால், ஒரு மையம் நடந்து போகும் தொலைவில் பல பட்டறைகளின் பிள்ளைகளுக்கு உதவும். இருக்கும் பால்வாடியையே இரவு எட்டு மணி வரை திறந்துவைக்கலாம். மாலைக்கு வேறு இரண்டு பெண்கள், ஒரு நேரச் சிற்றுண்டி, விளக்கு வெளிச்சம் போதும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் தமிழ்நாட்டில் இலவசம். 2023இல் 750இலிருந்து உயர்த்தினார்கள். தொழில் நசிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தறிக்கு மின்சாரம் கொடுக்கும் அரசு, அந்தத் தறியை ஓட்டுபவளின் பிள்ளைக்கு மாலை நாலு முதல் எட்டு வரை ஆகும் செலவையும் அதே தொழில் மானியத்தில் சேர்ப்பதற்கு என்ன தடை என்று சட்டமன்றத்தில் யாராவது கேட்கலாம். சமூக நலத்துறை மானியக் கோரிக்கையில் கேட்பதைவிடக் கைத்தறி, துணிநூல் துறை மானியக் கோரிக்கையில் கேட்பது நல்லது.